விலாசம் இழைக்கப்பட்ட பெட்டிகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழைய சாமான் கடைகளுக்கு இன்று வருகிறவர்கள் தூணையும் நிலைக்கதவையும் தேடி வருகிறார்கள். அழகப்பா கல்லூரியில் படித்த காலத்தில் நாங்கள் அங்கே போனது, தரையில் உட்கார்ந்து எழுத ஏதாவது மலிவாகக் கிடைக்குமா என்று பார்க்கத்தான். புது மேசை நாற்காலிக்கு வீட்டிலிருந்து வரும் பணம் காணாது. கடை வாசலில் சீந்துவாரற்றுக் கிடந்தன சாய்ந்த மூடி போட்ட எழுத்துப்பெட்டிகள். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் உயரம் சரியாக இருக்கும். மூடியைத் தூக்கினால் நோட்டுக்கும் பேனாவுக்கும் சில்லறைக்கும் தனித்தனி அறைகள். எண்பது ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். “பர்மா பார்த்த பெட்டி தம்பி, பத்திரமா வச்சுக்க” என்றார் கடைக்காரர்.

அப்படிப்பட்ட பெட்டிதான் நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்களின் வட்டித்தொழிலுக்கு மேசை, கல்லா, அலுவலகம் எல்லாம். 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐராவதிக் கழிமுகத்து அரிசிக்கு ஐரோப்பாவில் வழி பிறந்தது. காடு வெட்டி வயல் ஆக்க விவசாயிக்குப் பணம் வேண்டியிருந்தது, கொடுத்தவர்கள் செட்டிநாட்டார். ரங்கூன் முகல் தெருவில் நீளக் கூடமாகக் கிட்டங்கிகள் எனப்பட்ட தொழிலிடங்கள். ஒரே கூடத்தில் பல மார்க்காக்கள், அதாவது தனித்தனி வட்டிக்கடைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாய், ஓர் அலமாரி, ஒரு பெட்டி. பகலில் பெட்டியடியில் வரவு செலவு, இரவில் அதே இடத்தில் படுக்கை. மேலாள், அடுத்தாள், அவர்களுக்குக் கீழே பெட்டியடிப் பையன். எங்களைவிடச் சின்ன வயதில், முந்திரி, மாகாணி என்ற பின்ன வாய்பாடு மனப்பாடமாகக் கப்பலேறிய பையன்கள் அவர்கள். பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை. பேரேடு எழுதி, ஐந்தொகை கட்டி, ஊருக்கு அனுப்பிவைத்த பிறகுதான் திரும்பி வர முடியும். கல்லூரி இல்லாத ஊரில் அதுவே அவர்களுக்குக் கல்லூரி.

தெருவில் உள்ள தேக்கெல்லாம் பர்மா பார்த்தது என்று கடைக்காரர்கள் சொல்வதை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. மரம் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது உண்மை. அதை இழைத்துச் செதுக்கியவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்து ஆசாரிகள். 1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தபோது அராக்கன் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்தவர்கள் எந்தப் பெட்டியைச் சுமந்திருக்க முடியும்? உண்மையில் கடல் தாண்டி வந்த சாமான் அதற்கு முன்னால் வந்ததாகவே இருக்கும்.

பணம் முடங்கத் தொடங்கியதும் அதற்கு முன்பே. 1930க்குப் பிறகு நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமான நிலம் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம் 1938இல் 25 பங்கானது. யாரும் ஆசைப்பட்டு வாங்கிய நிலமல்ல அது. பர்மா விவசாயிக்கோ பரம்பரை வயல் பறிபோன துயரம். அந்தக் கோபம் நியாயமானது. 1948இல் விடுதலை பெற்ற பர்மா நில உடைமையைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது.

இங்கே மிஞ்சியவை வீடுகள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து மறுதெரு வரை நீளும் வீட்டை, ஓடு மாற்றிக் காப்பாற்றுவதற்கே பெரும் பணம் வேண்டும். பங்காளிகள் சென்னையிலும் மலேசியாவிலும் இருப்பார்கள். எல்லோரும் ஒத்துக் கையெழுத்துப் போடும் நாளில் வீடு பிரிக்கப்படும். நான் பார்த்தவரை முதலில் வெளியேறுவது பாத்திரம், அடுத்து பெட்டியும் அலமாரியும், கடைசியில் தூண். பெண்ணுக்குச் சீராக டஜன் கணக்கில் பரப்பிய எனாமல் தூக்குகள் நடைபாதையில் எடைக்குப் போவதைப் பார்க்க எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

இந்தச் சாமான்களில் விலாசம் இருக்கும். தாத்தா, அப்பா, மகன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த மார்க்கா அது. பாத்திரத்தில் வெட்டியிருப்பார்கள், பெட்டியில் செதுக்கியோ மையால் எழுதியோ இருப்பார்கள். என் பெட்டியின் மூடிக்கு உட்புறம் மூன்றெழுத்து இருக்கிறது. இப்போது கடைகளில் அதைத்தான் முதலில் இழைத்துத் தள்ளுகிறார்கள். வாங்குகிறவருக்கு வழவழப்பு வேண்டும். விற்ற குடும்பத்துக்கும் பெயர் தெருவில் நிற்பது கூச்சம். காரணம் புரிகிறது. ஆனாலும் எந்த ஊர், எந்த வீடு, எந்தக் கிட்டங்கி என்று சொல்ல அந்தச் சாமானிடம் வேறு சாட்சியில்லை. உப்புத்தாள் போடுவதற்கு முன் ஒரு படம் எடுத்து, வந்த ஊரின் பெயரை ஒரு நோட்டில் குறித்தால் போதும். அதற்கு ஐந்து நிமிடம் ஆகாது. வரலாறு படிக்கும் பிள்ளைகள் பக்கத்துக் கல்லூரியிலேயே இருக்கிறார்கள்.