கடலோடிகளின் குழூஉக்குறி

ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்பர் இலக்கண நூலார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் நன்னூல் கற்பிக்கும் ஆசிரியர் எடுத்துக்காட்டும் சான்றுகளாகும். இவ்வழக்குக் கடலிலும் செழித்து வளர்ந்தது. சிங்கப்பூரில் இன்று பொழுதுபோக்காகப் பாய்ப்படகு செலுத்துவோர் படகின் முழு நீளத்தை ‘எல்.ஓ.ஏ.’ என்பர், ஆள் நீரில் விழுந்துவிட்டால் ‘எம்.ஓ.பி.’ என்பர். புறத்தார்க்கு இவை வெறும் எழுத்துகள். படகிலிருப்போர்க்கோ உயிர் காக்கும் சொற்கள். புயலிடை நீண்ட வாக்கியத்திற்கு நேரம் ஏது?

பாய்க்கப்பல் காலத்திலும் இத்தேவை இருந்தது. ஆணையிடுவோன் ஆங்கிலேயன், கயிறு இழுப்போன் ‘லஸ்கர்’ எனப்பட்ட ஆசிய மாலுமி. ஆணை விளங்காவிடில் கப்பலுக்கே கேடு. ஆகவே பல மொழிச் சொற்கள் கலந்த கப்பல் மொழியொன்று உருவாயிற்று. தாமஸ் ரோபக் என்பார் அதற்கென ஓர் அகராதி தொகுத்து, 1811-இல் கல்கத்தாவில் வெளியிட்டார்.

இக்கடல் வழக்கிற்குத் தமிழ் நல்கிய கொடை சிறிதன்று. மலாய்மொழியின் ‘காப்பால்’ என்பது நம் கப்பலே. விமானத்தையும் மலாய்க்காரர் ‘காப்பால் தெர்பாங்’, அதாவது பறக்கும் கப்பல் என்றனர். 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த சுமத்திராவின் பாருஸ் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் வணிகக் குழுவையும், துறைக்கு வரும் மரக்கலநாயனையும் குறிப்பிடுகிறது. கட்டுமரத்தைக் கண்ட வில்லியம் டாம்பியர், 1697-இல் வெளிவந்த தம் பயண நூலில் அப்பெயரைக் குறித்தார். பின்னர் அமெரிக்கரான ஹெரஷாஃப் 1876-இல் கட்டிய இரட்டை உடற் படகு போன்றவற்றிற்கு அப்பெயர் நிலைத்தது. கட்டிய மரங்கள் போயின. பெயர் மட்டும் எஞ்சிற்று!

கொடுத்த தமிழ் கொள்ளவும் தயங்கவில்லை. மீகாமன் என்ற பழஞ்சொல் இருக்க, ‘மாலுமி’ என்பதே பெருவழக்காயிற்று. ஆசிரியன் எனப் பொருள்படும் ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு அது. வழியறிந்து கற்பித்தவன் வழிகாட்டியானான். மலாய்மொழியிலும் அச்சொல் ‘மாலிம்’ என வழங்கியது. சுக்கான் அரபியிலிருந்தும், நங்கூரம் பாரசீகத்திலிருந்தும் வந்தன. ஒரே துறைமுகத்தில் நின்ற பல மொழியாரும் ஒருவர் சொல்லை ஒருவர் ஏற்றனர்.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒலி ஒப்புமை கண்டவுடன் உறவு கொண்டாடுதல் ஆராய்ச்சியாகாது. ‘சம்பான்’ மூன்று பலகை எனப் பொருள்படும் சீனச்சொல் என்பதே பலரும் ஏற்கும் கருத்து. லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலைப் பெயரைக் கப்பல் தலைவனாகிய ‘சாரங்’ என்பதோடு இணைப்பதும் அத்தகையதே. ‘ரங்கோங்’ என்னும் நீர்ப்பறவையால் வந்த பெயர் அது என்பதே பெரும்பான்மையோர் கொள்கை. பொய்யான உரிமை ஒன்று வெளிப்பட்டால், மெய்யான உரிமை பத்தும் ஐயத்திற்கு உள்ளாகும்.

சிங்கப்பூர் ஆற்றிலும் தமிழ்க் கடலோடியின் சுவடு உண்டு. 1822-ஆம் ஆண்டின் நகரத் திட்டத்தில் சூலியாக்களுக்கென ஆற்றோரம் ஒரு பகுதி ஒதுக்கப்பெற்றது. சோழமண்டலக் கரையினின்று வந்த அம்முஸ்லிம் மக்களுட் பலர், கப்பற் சரக்கைக் கரைசேர்க்கும் படகுத் தொழிலில் ஈடுபட்டனர். பின்னர் அத்தொழில் பெரிதும் சீனர் கைக்கு மாறியது. 1983-இல் எஞ்சிய சரக்குப் படகுகளும் பாசிர் பாஞ்சாங்கிற்குப் பெயர்ந்தன. சூலியா தெருவும், 1830-இல் கட்டி முடிந்த தெலுக் ஆயர் தெரு நாகூர் தர்காவும் அம்மக்கள் வாழ்வை நினைவூட்டி நிற்கின்றன.

தொழில் மறைந்தால் அதன் சொல்லும் மறையும். ஏட்டில் ஏறிய சொல்லே நிலைக்கும். தமிழாசிரியர் குழூஉக்குறி நடத்தும்போது பறியோடும் காரையோடும் நில்லாது, கப்பலையும் மாலுமியையும் சேர்த்துக் காட்டுவாராயின், மலாய்மொழியைச் செவியுறும் இந்நாட்டு மாணவர்க்கு இலக்கணமும் வரலாறும் ஒருங்கே விளங்கும்.