இலங்கரத்ன, ரி. பி. (1913–1992)

இலங்கைப் பாராளுமன்றப் பிரதிநிதி, அமைச்சர், சிங்கள நாவலாசிரியர். கண்டியிலிருந்து கொழும்புக்கு இறங்கும் பெருவழியிலுள்ள கடுகண்ணாவைக்கு வடமேற்கே, குன்றும் வயலுமான ஹத்தரலியத்தையில் ஜனித்தவர்.

அரசாங்க லிகிதராக உத்தியோகம் ஏற்ற இவர், லிகிதர் சங்கத் தலைவராயிருந்து 1947ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினார். அவ்வாண்டு ஜூன் 5ஆம் நாள் ஊர்வலத்தினர்மேல் பொலிசார் சுட்டதில், வே. கந்தசாமி என்னும் தமிழ் லிகிதர் உயிர்நீத்தார். உத்தியோகம் பறிபோன இலங்கரத்ன, தேர்தல் மனுவினால் ஜோர்ஜ் ஈ. டி சில்வா இழந்த கண்டித் தொகுதியை 1948 இடைத்தேர்தலில் கைப்பற்றினார். மறு வருஷம் இன்னொரு மனு இவரையும் வெளியேற்றவே, அவ்விடத்தை இவர் மனைவி தமாரா குமாரி வென்றார். மனுப் போட்டவர்களுக்கு இது உவப்பாயிருந்திராது.

1956இல் கலஹாத் தொகுதியில் வென்று தொழில் அமைச்சரானார். தோட்டத் தொழிலாளருக்கும் பயன்பட்ட ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் (1958) இவர் காலத்தது. எனினும், பிரஜாவுரிமைச் சட்டங்களால் வாக்கிழந்து நின்ற அத்தோட்ட மக்கள், இவர் கருதிய கிராமாபிவிருத்தியின் எல்லைக்குள் வந்தாரில்லை.

இவருடைய கீர்த்திக்கு ஆதாரம் மக்கள் வங்கியே. வர்த்தக வங்கிகள் தோட்டத்துரைக்கும் ஏற்றுமதியாளருக்குமே கடன் வழங்க, ஈடு வைக்க ஏதுமற்ற கண்டிக் குடியானவன் விதைநெல்லுக்கும் கலியாணச் செலவுக்கும் கடை முதலாளியிடம் வரப்போகும் விளைச்சலையே எழுதிக்கொடுத்துவந்த நிலையில், வர்த்தக அமைச்சராயிருந்த இவர் 1961ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தால் அவ்வங்கியை ஸ்தாபித்து, கூட்டுறவுச் சமஷ்டி வங்கியின் பணியை அதனிடம் ஒப்புவித்தார். ஜூலை 1ஆம் நாள் அது திறக்கப்பட்டது. 1964இல் தொடங்கிய கூட்டுறவுக் கிராமிய வங்கிகள், சேமிப்பு, கடன், நகை அடகு ஆகியவற்றைச் சங்கக்கடை வாசலுக்கே கொண்டுவந்தன. பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் காப்புறுதிக் கூட்டுத்தாபனமும் 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உருவானவையே. இவற்றால் அத்தொழில்கள் அரசின் கைக்கு வந்ததை வெறும் பறிமுதலென்று தூற்றியோர் கூற்று நியாயமன்று.

1970–77இல் மீண்டும் வர்த்தக அமைச்சரானார். இறக்குமதிக் கட்டுப்பாட்டால் யாழ்ப்பாணத்து வெங்காய, மிளகாய்ச் செய்கையாளர் செழித்தனர். பட்டினவாசிகளோ உணவுப் பொருளுக்கு வரிசையில் நின்றனர். 1977இல் தோல்வியுற்றார்.

வளவுப் பிள்ளைக்கும் ஏழைச் சிறுவனுக்கும் உண்டான நட்பைக் கூறும் ‘அம்ப யஹலுவோ’ (1957) இவர் நாவல்களுள் பெயர்பெற்றது. இவர் ஸ்தாபித்த மக்கள் வங்கி இன்றும் அரசுடைமையாயிருக்கிறது.