மின்தொழிற் கல்வியும் நம் பிள்ளைகளும்

தம்புசாமிப் பிள்ளை என்றால், 1873-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்தவர் என்று நம்மவர் உடனே சொல்வர். அவரே லோக் இயூ என்னும் சீனச் செல்வருடன் கூடி, 1894-ஆம் ஆண்டில் ரவாங் ஈயச் சுரங்கத்தில் நீரிறைக்க மின்சாரப் பம்பை அமைத்தார் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. மலாயாவில் மின்சாரம் தொழிலுக்குப் பயன்பட்ட தொடக்கம் அதுவேயாகும். கோயிற் கதை நிலைத்து, இயந்திரக் கதை மறைந்தது நம் சமூகத்தின் மனப்போக்கைக் காட்டுகிறதன்றோ?

முதலிட்டவருள் ஒருவர் தமிழராயிருந்தும், அத்தொழிலைக் கற்கும் வழி தமிழ்த் தொழிலாளிக்கு நெடுங்காலம் அடைபட்டே கிடந்தது. 1906-இல் கோலாலம்பூரில் டிரீச்சர் தொழில்நுட்பப் பள்ளி தொடங்கிற்று. ஆங்கில மொழியே அங்குப் போதனா மொழி. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்களில் பள்ளி வைக்க வழி செய்தது. அங்குக் கிடைத்தது தொடக்கத் தமிழ்க் கல்வி மட்டுமே. 1926-இல் கோலாலம்பூரில் அரசாங்கக் கைத்தொழிற் பள்ளி திறந்தது. ஆயினும் தோட்டப் பள்ளிக்கும் தொழிற்பள்ளிக்கும் இடையே பாலம் இல்லை. கடைசி வகுப்பைக் கடந்த சிறுவனுக்கு எதிரே இருந்தது பால்வெட்டும் கத்தியே.

“மூத்தவர் கையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாகாதோ?” என்று சிலர் கேட்பர். பால்வெட்டை அவ்வாறு கற்கலாம். கத்தி ஆழமாய்ப் பாய்ந்தால் மரம் புண்படும். மறுநாள் கையைத் திருத்திக் கொள்ளலாம். மின்கம்பியிலோ முதற்பிழையே இறுதிப்பிழையாதல் கூடும். பார்த்துப் பழகியவன், விளக்கு அணைந்ததைக் கண்டு கம்பியில் கை வைப்பான். சுவிட்ச் தவறுதலாக நியூட்ரல் கம்பியில் வைக்கப்பட்டிருப்பின், விளக்கு அணைந்த பின்னும் மற்றக் கம்பியில் மின்னழுத்தம் நிற்கும் என்பதை அவன் அறியான். முறையாகக் கற்றவனோ மெயின் சுவிட்சைத் துண்டித்துப் பூட்டுவான். எச்சரிக்கைப் பலகை தொங்கவிடுவான். சோதனைக் கருவி சரியாயிருக்கிறதா என்று மின்சாரமுள்ள வேறோரிடத்தில் பார்ப்பான். பிறகு கம்பியைச் சோதிப்பான். மீண்டும் கருவியைச் சோதிப்பான். ஒவ்வொரு செயலுக்கும் காரணம் உண்டு. இயந்திரத்துக்குப் பொட்டிட்டு எலுமிச்சம்பழம் அறுப்பது அவனைக் காவாது. காரணம் அறிந்த அறிவே காக்கும்.

இவ்வுண்மையைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. 1949 செப்டம்பரில் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1994-ஆம் ஆண்டு மின்சார விதிகள், மின்கம்பி பொருத்தும் வேலை தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேனின் பொறுப்பில் நடைபெற வேண்டும் என்று வகுத்தன. ஒரு முனை மின்சாரத்துக்கும் மும்முனை மின்சாரத்துக்கும் சான்றிதழ் வெவ்வேறு. தொழிற்பயிற்சிக்கென 1989-இல் தேசிய மன்றம் ஏற்பட்டது. 2006-இல் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் பிறந்தது. மலேசியத் திறன் சான்றிதழுக்கு மூன்று படிகள் உள்ளன. வேலைத்தலத்திலேயே கற்றவரும் தம் அனுபவத்தை ஆதாரத்துடன் நிறுவி அதைப் பெறலாம். சிங்கப்பூரில் 1979-இல் தொடங்கிய தொழிற்பயிற்சிக் கழகம், 1992-இல் தொழில்நுட்பக் கல்விக் கழகமாக மாறியது. அங்கும் உரிமம் பெற்றவரே மின்வேலைக்குப் பொறுப்பேற்கலாம்.

இச்சான்றிதழின் பெருமை யாது? கங்காணி ஆள்கட்டிய நாளில், ஊரும் உறவும் ஜாதியும் பார்த்தே ஆட்கள் சேர்க்கப்பட்டனர். இந்திய அரசாங்கம் 1938-இல் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்ததோடு அந்நாள் முடிந்தது. சான்றிதழோ “உன் குலம் என்ன?” என்று கேளாது, “எர்த் கம்பியின் தடையை அளக்கத் தெரியுமா?” என்றே கேட்கும். பறையன் என்றும் பள்ளன் என்றும் ஒதுக்கப்பட்டவரின் பேரன் அதற்கு விடை கூறினால், அவனை மறுக்க எவராலும் இயலாது.

ஆனால், திறந்த வாயிலில் நாம் நுழைகின்றோமா? செக்ரோல் எழுதும் நாம் ஒன்று அறிவோம்: சான்றிதழ் இல்லாதவன் இருபது ஆண்டு கம்பி இழுத்தாலும், ஏட்டில் அவன் பெயர் ‘உதவியாள்’ என்றே நிற்கும். பொறுப்பும் கூலியும் வேறொருவனைச் சேரும். தோட்டங்கள் பல வீடமைப்பு நிலங்களாக மாறியபோது, கைத்தொழில் அறியாத குடும்பங்கள் வீடும் வேலையும் ஒருங்கே இழந்ததைக் கண்டோம். அந்நிலை அடுத்த தலைமுறைக்கும் வரவேண்டுமா?

தோட்டத்திலும் நகரத்திலும் உள்ள சங்கத்தார் சிந்திக்க வேண்டும். திருவிழாவுக்கு வாணவேடிக்கை வாங்கும் பணத்தில் ஒரு பகுதியைப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பிள்ளையையேனும் மின்தொழிற் பயிற்சிக்கு அனுப்புக. பெண்பிள்ளைகளையும் விலக்காதீர். பயணச் செலவுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் வழி செய்க. இவ்வாண்டிலேயே தொடங்குக.