நான்கில் ஒன்று

மெண்டல் 1866இல் பட்டாணிச் செடிகளைக் கொண்டு வெளியிட்ட விகிதம், இன்று கண்டிப் பகுதிப் பெற்றோர் சிலரின் வாழ்க்கைக் கணக்காகவும் உள்ளது. 1925இல் அமெரிக்க மருத்துவர் கூலி விவரித்த தலசீமியா, இலங்கையின் முக்கிய பரம்பரை நோய்களுள் ஒன்றாகும். தாய் தந்தை இருவரும் காவிகளாயின், பிள்ளைக்கு அந்நோய் வரும் நிகழ்தகவு நான்கில் ஒன்று. "மூத்ததற்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பும்" எனக் கொள்வது பெருந்தவறு. ஒவ்வொரு கருவிலும் கணக்குப் புதிதாகவே தொடங்குகின்றது.

1947இல் ஷெல்டன் ரீட் 'பிறப்புரிமை ஆலோசனை' என்னுந் தொடரை வழங்கினார். 1983இல் கொழும்பு மருத்துவபீடத்தில் மனிதப் பிறப்புரிமையியல் அலகு தோன்றியது. ஆயினும் மலையகத் தாயொருத்திக்கு 'இருபத்தைந்து வீதம்' என்பது வெறுஞ்சொல்லே. மூன்று வெள்ளை மணியும் ஒரு கறுப்பு மணியும் உள்ள பையிலிருந்து ஒன்றையெடுத்து, மீண்டும் அதிலேயே இட்டெடுக்கச் செய்தால் உண்மை விளங்கும். தாயின் உயிர்காக்கவன்றிக் கருக்கலைப்பைச் சட்டம் அனுமதியாத நம் நாட்டில், இவ்விளக்கம் திருமணத்துக்கு முன்னரே கிடைத்தல் வேண்டும்.