நாய்க்கும் பல் தேய்க்கணுமா? உங்க பேஸ்ட்டை மட்டும் எடுத்துடாதீங்க!

ஆசையா ஓடிவந்து முகத்தை நக்கும் உங்க செல்ல நாய், வாயைத் திறந்ததுமே மூக்கைப் பொத்த வைக்குதா? 'நாய் வாய்னா நாறத்தான் செய்யும்' என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஆரோக்கியமான நாயின் வாயில் அந்த அளவுக்கு நாற்றம் வராது. வந்தால், ஈறில் பிரச்னை தொடங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

நாய்க்குட்டிக்கு 28 பால் பற்கள். ஆறேழு மாதத்துக்குள் அவை விழுந்து 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். நமக்கு 32 தான்! பல்லில் படியும் வழுவழுப்பான படலத்தைத் துடைக்காமல் விட்டால், எச்சிலில் உள்ள தாதுக்கள் சேர்ந்து சில நாட்களிலேயே அது கெட்டியாகிவிடும். மஞ்சளாக, பழுப்பாகத் தெரிகிற காரை இதுதான். இது பிரஷ்ஷுக்கு அசையாது. ஈறு வீங்கி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, கடைசியில் பல்லே ஆடும். பொமரேனியன், ஷிட்சு, பக் போன்ற சின்ன வாய்க்காரர்களுக்குப் பல் நெருக்கமாக இருப்பதால் தொல்லை சீக்கிரமே வந்துவிடும்.

பல் வலித்தாலும் நாய் பெரும்பாலும் சாப்பாட்டை நிறுத்தாது. அதனால்தான் ஏமாந்துபோகிறோம். ஒரே பக்கமாக மெல்வது, கெட்டியான உணவை வாயில் போட்டுக் கீழே விடுவது, எச்சிலில் ரத்தம், கண்ணுக்குக் கீழே திடீர் வீக்கம் இதெல்லாம் தெரிந்தால் டாக்டரிடம் போயிடுங்க. கண் வீக்கம் என்று நினைப்பது சில நேரம் மேல் கடைவாய்ப் பல்லின் வேரில் கட்டியிருக்கும் சீழாக இருக்கும்.

நம்ம பேஸ்ட் ஏன் கூடாது?

நாய்க்குத் துப்பத் தெரியாது. போடுவதையெல்லாம் விழுங்கிவிடும். நம்ம பேஸ்ட்டில் உள்ள ஃபுளோரைடும் நுரைப்பானும் அதன் வயிற்றுக்கு ஒத்துக்காது. சில பேஸ்ட்களில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் இன்னும் ஆபத்து. நாயின் ரத்தச் சர்க்கரையை மளமளவெனக் குறைத்து, கல்லீரலையும் பாதிக்கும். உயிரே போகலாம். சுகர் ஃப்ரீ சூயிங் கம்மிலும் இது இருக்கும் என்பதால் அதையும் எட்டாமல் வையுங்க. செல்லப்பிராணி கடைகளில் கோழி, மாட்டிறைச்சி சுவையில் நாய்க்கென்றே பேஸ்ட் கிடைக்கிறது.

எப்படித் தேய்ப்பது?

முதல் நாளே பிரஷ்ஷோடு போய் நின்றால் கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும். முதல் சில நாள் பேஸ்ட்டை விரலில் தடவி நக்க விடுங்க. அப்புறம் விரலில் மெல்லிய துணியைச் சுற்றி, உதட்டைத் தூக்கி லேசாகத் தடவுங்க. பழகியபின் மென்மையான பிரஷ். வாயைப் பிளக்கத் தேவையே இல்லை. வெளிப்பக்கம் தேய்த்தாலே போதும், உள்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். மேல் கடைவாய்ப் பற்களை விட்டுடாதீங்க, காரை அதிகம் பிடிப்பது அங்கேதான். தினமும் தேய்த்தால் நல்லது, முடியாவிட்டால் வாரத்துக்கு மூன்று நாளாவது.

'எலும்பு கடிச்சா பல் தானா சுத்தமாயிடும்' என்று ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பைப் போடுவது பல வீடுகளில் வழக்கம். வெந்த எலும்பு ஊசி மாதிரி உடைந்து தொண்டையில், குடலில் குத்தும். ரொம்பக் கெட்டியான எலும்பால் கடைவாய்ப் பல்லே பிளந்துவிடும். கட்டிய காரையை வீட்டில் கம்பியால் சுரண்டுவதும் வேண்டாம். டாக்டர்கள் மயக்க மருந்து கொடுத்து, ஈறுக்கு அடியிலும் சேர்த்துச் சுத்தம் செய்வார்கள்.

இன்னொரு விஷயம், இது ரொம்ப முக்கியம். எச்சில் வடிய, வாயை மூட முடியாமல் நிற்கும் நாயைப் பார்த்து 'எலும்பு சிக்கியிருக்கு போல' என்று கையை விட்டுடாதீங்க. ரேபிஸ் தாக்கிய நாயும் இப்படித்தான் இருக்கும். கடியோ, கீறலோ, புண்ணில் எச்சில் பட்டதோ, எதுவானாலும் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்க. தடுப்பூசி அங்கே இலவசம்.