தாடை பலவீனமாக இருந்தால் குத்துச்சண்டையில் ஜெயிக்க முடியுமா?

நீளமான பதிவு இது. வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர் போன வாரம் போன் செய்தார். அவர் மகன் கல்லூரியில் குத்துச்சண்டைக்காரன். கை வேகம், கால் வேகம் எல்லாம் உண்டாம். ஆனால் தாடையில் சரியாக ஒன்று விழுந்தால் முழங்கால் துவண்டுவிடுகிறதாம். “தாடை வீக்குன்னு சொல்றாங்க சார். பயிற்சியில நல்லா அடி வாங்குனா தானா கெட்டிப்படும்னு கோச் சொல்றாரு. நெஜமா சார்?” என்று கேட்டார். கடைசிப் பீரியடில் முகமது அலி கதை சொன்ன வாத்தியார் என்பதைத் தவிர எனக்கு இதில் வேறு தகுதி கிடையாது. ஆனாலும் வரலாற்றில் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தாடையில் அடி விழுந்தால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தாடையின் பக்கவாட்டில் குத்து விழுந்தால் தலை சட்டென்று திரும்புகிறது. மண்டை ஓட்டுக்குள் திரவத்தில் மிதக்கும் மூளை அதே வேகத்தில் திரும்புவதில்லை; முறுக்கிக்கொள்கிறது. அந்த நொடியில் உடம்புக்கும் மூளைக்கும் தொடர்பு அறுகிறது. ஆக, அடி விழுவது தாடையில், கலங்குவது மூளை. கழுத்துத் தசை உறுதியாக இருந்தால் தலை திரும்பும் வேகம் கொஞ்சம் குறையலாம். வரும் குத்தைக் கண் பார்த்துவிட்டால் கழுத்து தன்னால் இறுகும். அதனால்தான் பார்க்காத குத்து மனிதனைச் சாய்க்கிறது. மண்வெட்டி பிடித்த கை காய்த்துப் போகும். மூளை காய்த்துப் போகாது. அடி வாங்க வாங்க அது தாங்கும் சக்தி குறையத்தான் செய்யும். 1928ஆம் ஆண்டிலேயே ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் குத்துச்சண்டைக்காரர்களின் தள்ளாட்டத்தையும் குழறலையும் பற்றி எழுதிவிட்டார். நூறு வருஷம் ஆகப் போகிறது. அடித்துக் கெட்டிப்படுத்தலாம் என்ற பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை.

சரி, தாடை பலவீனமானவர் சாம்பியன் ஆனதே இல்லையா? ஆகியிருக்கிறார். ஃபிளாய்ட் பேட்டர்சன்.

1935இல் வட கரோலினாவில் பிறந்து, நியூயார்க்கின் புரூக்ளினில் வறுமையில் வளர்ந்தவர். சிறு வயதில் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். கஸ் டமாட்டோ என்ற பயிற்சியாளரிடம் வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் மைக் டைசனை வளர்த்த அதே டமாட்டோதான். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம். 1956 நவம்பர் 30 அன்று சிகாகோவில் ஆர்ச்சி மூரை ஐந்தாவது சுற்றில் வீழ்த்தி, 21 வயதில் ஹெவிவெயிட் உலக சாம்பியன். அதுவரை அவ்வளவு சின்ன வயதில் யாரும் அந்தப் பட்டத்தைத் தொட்டதில்லை.

ஆனால் மனிதர் விழுவார். 1957இல் பீட் ராடமேக்கர் என்பவரோடு மோதினார். ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர்தான், ஆனால் தொழில்முறையில் அவருக்கு அதுதான் முதல் சண்டை. அவரே இரண்டாவது சுற்றில் பேட்டர்சனைக் கீழே தள்ளினார். பேட்டர்சன் எழுந்து ஆறாவது சுற்றில் ஜெயித்தார். 1959 ஜூன் 26, யாங்கி ஸ்டேடியம். ஸ்வீடன் நாட்டு இங்கேமார் ஜோஹான்சன் தன் வலது கையால் மூன்றாவது சுற்றில் மட்டும் அவரை ஏழு முறை சாய்த்தார். ஏழு முறை, பிள்ளைகளே! ஆறு முறை எழுந்து நின்றவரை ஏழாவது முறைக்குப் பிறகு நடுவர் நிறுத்தினார். பேட்டர்சன் அவமானத்தில் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார்.

மறு வருஷம் ஜூன் 20. அதே நியூயார்க், போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். ஐந்தாவது சுற்றில் பேட்டர்சனின் இடது கை வளைந்து வந்து ஜோஹான்சனின் தாடையில் இறங்கியது. அவர் மல்லாந்து கிடக்க, இடது பாதம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. இழந்த ஹெவிவெயிட் பட்டத்தைத் திரும்பப் பிடித்த முதல் மனிதர் ஆனார் பேட்டர்சன். ஜெயித்த மகிழ்ச்சி அடங்குவதற்குள், கீழே கிடந்தவரிடம் போய் அவரைத் தாங்கிப் பிடித்தார். 1961இல் மூன்றாவது முறை மோதியபோது முதல் சுற்றிலேயே இரண்டு முறை விழுந்தார். ஆனாலும் ஆறாவது சுற்றில் ஜெயித்தார்.

அந்த ஒரு வருஷத்தில் அவருடைய தாடை வலுவாகிவிட்டதா? இல்லை. 1962இல் சோனி லிஸ்டன் அவரை 2 நிமிடம் 6 நொடியில் சாய்த்தார். சிகாகோவிலிருந்து ஒட்டுத் தாடி, மீசை மாட்டிக்கொண்டு காரில் ஊர் திரும்பினார் பேட்டர்சன். மறு வருஷம் மறுபடி லிஸ்டன். 2 நிமிடம் 10 நொடி. நாலு நொடி முன்னேற்றம் என்று அந்தக் காலத்தில் கேலி செய்யாதவர்கள் கம்மி. எனக்கு அந்தக் கேலி பிடிப்பதில்லை. எடையைப் பாருங்கள். பேட்டர்சன் ஏறக்குறைய 86 கிலோ, லிஸ்டன் 97 கிலோ. இன்றைய விதிப்படி பேட்டர்சன் ஹெவிவெயிட்டே கிடையாது, அதற்குக் கீழே உள்ள குரூசர்வெயிட். தாடை பலவீனம் என்று நாம் சொல்வதில் பாதி, தன்னைவிடப் பெரியவனோடு மோதியதன் விளைவு.

இந்த இடத்தில் ஜார்ஜ் சுவாலோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கனடாக்காரர். 93 தொழில்முறைச் சண்டைகளில் ஒரு தடவைகூடக் கீழே விழாதவர். அலியோடு இரண்டு முறை மோதினார். ஃபிரேசியர், ஃபோர்மன் ஆகியோரிடம் நடுவர் நிறுத்தும்வரை நின்றபடியே அடி வாங்கினார். தாடை என்றால் அது தாடை. 1965 பிப்ரவரி 1 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இவரும் பேட்டர்சனும் மோதினார்கள். விழாதவரும் விழுந்துகொண்டே இருப்பவரும் 12 சுற்று சண்டை போட்டார்கள். புள்ளிக் கணக்கில் ஜெயித்தது பேட்டர்சன். சுவாலோ கடைசிவரை உலக சாம்பியன் ஆகவே இல்லை.

பேட்டர்சனின் வழி, விழுந்தாலும் எழுவது. இன்னொரு வழி, குத்து தாடைக்கு வந்து சேராமல் பார்த்துக்கொள்வது. அதைச் சொல்லிக்கொடுத்தவர் டெட்ராய்ட் நகரில் கிராங்க் என்ற பயிற்சிக்கூடத்தை நடத்திய இமானுவேல் ஸ்டூவர்ட். 1994இல் லண்டன் வெம்பிளியில் சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸை ஆலிவர் மெக்கால் இரண்டாவது சுற்றில் சாய்த்தார். மெக்காலைத் தயார் செய்தவர் இந்த ஸ்டூவர்ட். லூயிஸ் என்ன செய்தார் தெரியுமா? தன்னை வீழ்த்திய அந்தப் பயிற்சியாளரையே தனக்கு அமர்த்திக்கொண்டார்! மெக்காலையும் பிறகு ஜெயித்தார். 2001இல் தென்னாப்பிரிக்காவில் ஹசீம் ரஹ்மானிடம் மீண்டும் விழுந்தார். ஏழே மாதத்தில் அவரையும் நாலாவது சுற்றில் சாய்த்துப் பட்டத்தை மீட்டார்.

ஸ்டூவர்ட்டின் பெரிய சாதனை விளாடிமிர் கிளிட்ச்கோ. உக்ரைன்காரர். 198 செ.மீ. உயரம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் தங்கம். விளையாட்டு அறிவியலில் முனைவர் பட்டம் வேறு. ஆனால் 1998இல் சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால், கீவ் நகரத்தில், ராஸ் பியூரிட்டியிடம் தோற்றார். 2003இல் ஜெர்மனியின் ஹனோவரில் இடதுகைக்காரரான கோரி சாண்டர்ஸ் அவரை நாலு முறை கீழே தள்ளி இரண்டாவது சுற்றிலேயே முடித்தார். 2004 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் லேமன் புரூஸ்டர் ஐந்தாவது சுற்றில் சாய்த்தார். அதுதான் ஸ்டூவர்ட்டோடு சேர்ந்து விளாடிமிர் போட்ட முதல் சண்டை. கண்ணாடித் தாடை என்று பத்திரிகைகள் அவரைத் தூக்கிப் போட்டுவிட்டன.

இந்த மூன்று தோல்விகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். சாண்டர்ஸிடம் விழுந்தது சுத்தமான அடி. மற்ற இரண்டிலும் முதலில் ஓடியாடி அடித்தவர் விளாடிமிர்தான். புரூஸ்டரை நாலாவது சுற்றில் கீழேகூடத் தள்ளினார். அடித்து அடித்து மூச்சு வாங்கிய பிறகுதான் விழுந்தார். அங்கே போனது தாடை அல்ல, மூச்சு.

ஸ்டூவர்ட் அதைத்தான் பிடித்தார். சீக்கிரம் முடிக்கும் ஆசையை விடச் சொன்னார். நீண்ட இடது கையை முன்னால் நீட்டி எதிராளியை அந்தத் தூரத்திலேயே நிறுத்துவது. அவர் உள்ளே பாய்ந்தால் ஓரடி பின்வாங்குவது. அதையும் மீறி வந்தால் கட்டிப்பிடித்து உடம்புப் பாரத்தை அவர்மேல் சாய்ப்பது. வழி முழுதாகத் திறந்த பிறகே வலது கை. 2005 செப்டம்பரில் அட்லாண்டிக் சிட்டியில் தோல்வியே காணாத நைஜீரியர் சாமுவேல் பீட்டர் எதிரே நின்றார். விளாடிமிர் மூன்று முறை கீழே போனார். மூன்று முறையும் எழுந்து, பதறாமல், 12 சுற்றும் முடித்து, மூன்று நடுவர்களின் தாளிலும் 114-111 என்று ஜெயித்தார். 2006 ஏப்ரலில் உலகப் பட்டம் கைக்கு வந்தது. 2015 நவம்பரில் டைசன் ஃபியூரியிடம் புள்ளிக் கணக்கில் தோற்கும்வரை, ஒன்பதரை வருஷத்துக்கு மேல், அது அவரிடமே இருந்தது. நடுவில் புரூஸ்டரையும் திருப்பி ஜெயித்தார்.

இதைப் பார்த்தவர்கள் பாதிப் பேர் “தூக்கம் வருது” என்றார்கள். 2013இல் மாஸ்கோவில் பொவெட்கினோடு நடந்த சண்டையில் குத்தியதைவிடக் கட்டிப்பிடித்ததே அதிகம் என்று திட்டினார்கள். எனக்கும் அந்தச் சண்டை ரசிக்கவில்லை. ஆனால் பார்க்கிறவனுக்குப் பொழுதுபோக வேண்டும் என்பதற்காக மேடையில் இருப்பவன் தன் மூளையைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே அந்தத் தகப்பனாரிடம் நான் போனில் சொன்னது இதுதான். பயிற்சியில் பையன் தலையில் வாங்கும் அடியைக் குறைக்கச் சொல்லுங்கள். கால் பழக்கம், இடது கை, கழுத்து, மூச்சு, இந்த நாலுக்கும் நேரம் கொடுக்கும் கோச்சைத் தேடுங்கள். ஒரு தடவை மயங்கி விழுந்தால், நரம்பு மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை பையன் கையுறையைத் தொடக் கூடாது. “கோச் கோச்சுக்குவாரு சார்” என்றார். கோபித்துக்கொள்ளட்டும் என்றேன்.

பேட்டர்சன் கதையின் மிச்சத்தையும் அவருக்குச் சொன்னேன். ஓய்வுக்குப் பிறகு அவரும் ஜோஹான்சனும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். அட்லாண்டிக்கைக் கடந்து ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வந்தார்கள். 1982இல் ஸ்டாக்ஹோம் மாரத்தானில் சேர்ந்து ஓடினார்கள். 1995இல் நியூயார்க் மாநில விளையாட்டு ஆணையத்தின் தலைவராகப் பேட்டர்சன் நியமிக்கப்பட்டார். குத்துச்சண்டைக்காரர்களின் பாதுகாப்பு அவர் பொறுப்பு. 1998இல் ஒரு வழக்கில் வாக்குமூலம் கொடுக்கும்போது, உலகப் பட்டத்தை யாரை வீழ்த்தி வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். ஆர்ச்சி மூரின் பெயர் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. கூட வேலை பார்ப்பவர்களின் பெயரும் வரவில்லை. சில நாட்களில் பதவி விலகினார். 2006இல் காலமானார்.

ஜோஹான்சனுக்கும் கடைசிக் காலத்தில் மறதி நோய். 2009இல் இறந்தார்.