ஜஅஃபர் (ரழி) இல்லத்தில் அண்ணலார்: துயருற்றோரை அரவணைத்த வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன் நம் மதரஸாவில் ஓதிய சிறுவன் ஒருவன் சாலை விபத்தில் தந்தையை இழந்தான். பத்து நாட்களுக்குப் பின் ஓத வந்தவனிடம், "ஸப்ர் செய், அழக்கூடாது" என்று கூறிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினோம். அவன் அழவில்லை. பல வாரங்கள் எவரிடமும் பேசவும் இல்லை. அவனுக்கு நாம் அளித்தது ஆறுதல்தானா என்ற உறுத்தலோடு ஸீரா நூல்களைப் புரட்டியபோது, மூத்தா போரின் பின் மதீனாவில் நிகழ்ந்தவை நமக்குப் பாடமாயின.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, கி.பி. 629. இன்றைய ஜோர்டானிலுள்ள மூத்தாவில் ரோமப் பெரும்படையை 3000 முஸ்லிம்கள் எதிர்கொண்டனர். ஸைத் பின் ஹாரிஸா, ஜஅஃபர் பின் அபீதாலிப், அப்துல்லாஹ் பின் ரவாஹா (ரழியல்லாஹு அன்ஹும்) ஆகிய மூன்று தளபதிகளும் ஒருவர்பின் ஒருவராக ஷஹீதாயினர். ஜஅஃபர் (ரழி) அண்ணலாரின் பெரிய தந்தையின் மகன். பல்லாண்டுகள் அபிசீனியாவில் வாழ்ந்துவிட்டு, கைபர் வெற்றியின்போதுதான் திரும்பியிருந்தார்கள். அவர்களின் குடும்பம் மதீனாவில் குடியேறி ஓராண்டுக்குச் சற்றே மேலாகியிருந்தது.

அன்று அவர்களின் மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரழி) மாவு பிசைந்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, எண்ணெய் தடவி வைத்திருந்தார்கள். அங்கே வந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், ஜஅஃபரின் மக்களை அழைத்து வரச் சொன்னார்கள். பிள்ளைகளை அணைத்து முகர்ந்தார்கள். கண்கள் நீர் சொரிந்தன. செய்தி தெரிந்ததும் அஸ்மா (ரழி) கதறினார்கள், பெண்கள் கூடினார்கள். அண்ணலார் தம் இல்லத்தாரிடம் சென்று, ஜஅஃபரின் குடும்பத்தார் துயரில் மூழ்கியிருப்பதால் அவர்களுக்கு உணவு சமைத்து அனுப்புமாறு பணித்தார்கள்.

இந்நிகழ்வின் வரிசையைச் சற்றே சிந்திப்போம். முதலில் அணைப்பு, பின்பு கண்ணீர், அதன்பின் உணவு. ஒப்பாரி வைப்பதையும் மார்பில் அடித்துக்கொள்வதையும் மார்க்கம் தடுத்துள்ளது. ஆனால் கண்ணீரைத் தடுக்கவில்லை. தம் மகன் இப்ராஹீம் (ரழி) மறைந்தபோது அழுத அண்ணலார், அக்கண்ணீரை அருள் என்றே விளக்கினார்கள்.

மூன்று நாட்கள் அவகாசம் அளித்தபின் அண்ணலார் மீண்டும் அவ்வில்லம் சென்றார்கள். இனி அழ வேண்டாம் என்றார்கள். நாவிதரை அழைத்துப் பிள்ளைகளின் தலைமுடியை மழிக்கச் செய்தார்கள். ஒரு பிள்ளை அபூதாலிபின் சாயலில் இருப்பதாகவும், அப்துல்லாஹ் தம் சாயலில் இருப்பதாகவும் கூறி துஆச் செய்தார்கள். பிள்ளைகள் எத்தீம்களாகிவிட்டதை அஸ்மா (ரழி) எடுத்துரைத்தபோது, இம்மையிலும் மறுமையிலும் தாமே அவர்களின் பொறுப்பாளராய் இருக்க, வறுமையை அஞ்சுவதேன் எனக் கேட்டார்கள். அழ வேண்டாம் என்ற சொல்லோடு அன்று பொறுப்பேற்பும் சேர்ந்தே வந்தது. நாமோ சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மூன்று நாட்களில் துயரம் அற்றுப்போக வேண்டும் என்பதும் இதன் பொருளன்று. கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதம் பத்து நாட்களைக் குர்ஆனே வகுத்துள்ளது. மகனைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துயரத்தால் வெளுத்துப்போயின. எனினும் அழகிய பொறுமைக்கு அவர்களே எடுத்துக்காட்டு. துயரமும் ஸப்ரும் ஒரே உள்ளத்தில் குடியிருக்க முடியும்.

இன்று நம் மஹல்லாக்களில் நடப்பதென்ன? மௌத்தான வீட்டார் வருவோர்க்கெல்லாம் சமைத்துப் பரிமாறுகின்றனர். விபத்து எப்படி நேர்ந்தது, உடல் எந்நிலையில் இருந்தது என்று வருவோரெல்லாம் கேட்கின்றனர். ஒவ்வொரு முறையும் அக்குடும்பம் அக்காட்சியை மீண்டும் காண்கிறது. நான்காம் நாள் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

இங்கே இப்னு உமர் (ரழி) அவர்களை நினைவுகூர்வோம். மூத்தா களத்தில் ஜஅஃபரின் உடலில் 90க்கும் மேற்பட்ட காயங்களைக் கண்டவர்கள் அவர்கள். போரில் துண்டிக்கப்பட்ட கைகளுக்குப் பகரமாக ஜஅஃபருக்கு அல்லாஹ் சுவனத்தில் இரு சிறகுகளை வழங்கினான் என்பது நபிமொழி. பிற்காலத்தில் ஜஅஃபரின் மகனைக் காணும்போதெல்லாம், இரு சிறகுகள் உடையவரின் மைந்தரே என விளித்தே இப்னு உமர் (ரழி) ஸலாம் உரைப்பார்கள். காயங்களைக் கண்ணால் கண்டவர், பிள்ளையிடம் பேசியது சிறகுகளைப் பற்றி.

அச்சிறுவனை ஒருநாள் அருகில் அமர்த்தி, "உன் வாப்பாவைப் பற்றிச் சொல்" என்றோம். அவன் வெகுநேரம் அழுதான். பிறகு, வாப்பா தன்னை ஃபஜ்ருக்கு எழுப்பும் விதத்தைச் சொல்லிச் சிரித்தான். அன்று பாடம் நடத்தவில்லை.

துயருற்றோரின் இல்லங்களில் நம்மை ரஹ்மத்தாக ஆக்குவாயாக, யா அல்லாஹ். ஆமீன்.